படக்கதையின் மூல ஓவியமும் அதன் விலைமதிப்பும்: சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு நூலின் மூலம் எது என்னும் வினா தமிழாராய்ச்சியாளர்க்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளியும்போது, எது முதற்படி, எது பெயர்த்தெழுதிய படி என ஆராய்வது நம் முன்னோர் கைக்கொண்ட நெறி. அந்நெறியை, அச்சுக்கால இலக்கியத்தின் எளிய கிளையாகிய படக்கதைக்கும் செலுத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிவகாசியில் அச்சாகி, அதனை அடுத்த திருவில்லிபுத்தூர், இராசபாளையம் முதலிய ஊர்களில் தலைமுறைதோறும் படிக்கப்பெற்ற தமிழ்ப் படக்கதைகளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். மேலை நாடுகளில் இத்தகைய கதைகளுக்காகக் கையால் வரைந்த தாள்கள் பெருவிலைக்கு விற்கின்றன. நம் நாட்டிலோ அவை கிடைத்தற்கு அரியனவாயின. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது, இதனால் தமிழாய்வு இழப்பது யாது என்பனவற்றை முறையே காண்போம்.

1. மூல ஓவியமாவது யாது?

படக்கதை நூல் ஒன்றனை வாங்குவோன் கையில் பெறுவது அச்சுப்படி. அதனை ஒத்த படிகள் ஆயிரக்கணக்கில் உடன் அச்சாகியிருக்கும். அவை யாவற்றுக்கும் முன்னே, ஓவியர் தடித்த தாளில் கரிக்கோலால் வரைந்து மையிட்டு முடித்த தாள் ஒன்று இருந்திருக்கும். அதுவே மூல ஓவியம். அச்சில் வருவதைவிட அது பெரிதாயிருத்தல் வழக்கம். சுருக்கி அச்சிடும்போது கோடுகள் நுண்மை பெறும். சிறு குறைகள் மறையும். அமெரிக்க ஓவியர்கள் 1967 ஆம் ஆண்டளவு வரை, அச்சின் இருமடங்கு எனத்தக்க பெருந்தாளில் வரைந்தனர். பின்னர் 10 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உடைய வரைபரப்பு வழக்கிற்கு வந்தது.

அச்சுப்படியில் காணவியலாத செய்திகள் பல அத்தாளில் புலனாகும். அச்சுக்கென எடுக்கும் ஒளிப்படத்தில் பதியாத வெளிர்நீலக் கோலால் இட்ட குறிப்புகள், வெண்மை பூசி மாற்றிய முகங்கள், ஒரு சொல்லின்மேல் ஒட்டிய வேறு சொல், ஓரத்தில் பதிப்பாசிரியர் எழுதிய ஆணைகள் என்பன அவை. சுவடியில் காணும் அடித்தலும் திருத்தலும் ஆசிரியன் உள்ளம் சென்ற வழியைக் காட்டுமாறு போல, இவையும் கதை உருவான வழியைக் காட்டுகின்றன. எனவே மூல ஓவியம் அழகுப்பொருள் மட்டுமன்று. அது ஒரு சான்றாவணம்.

2. உலகச் சந்தையின் இயல்பு

இத்தாள்களுக்கு வெளிநாடுகளில் ஏற்பட்டுள்ள மதிப்பை இரண்டு விற்பனைகளால் அறியலாம். பெல்சிய ஓவியர் எர்ழே, 'டின்டின்' கதைகளுள் ஒன்றாகிய 'நீலத் தாமரை' நூலின் அட்டைக்கென 1936 இல் ஓர் ஓவியம் தீட்டினார். வண்ண அச்சுக்குச் செலவு மிகும் என்று அது விலக்கப்பட்டது. மடிப்புத் தழும்புகளோடு எஞ்சிய அவ்வோவியம் 2021 சனவரியில் பாரிசு நகர ஏலத்தில் 30 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. 1984 இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'சீக்ரெட் வார்ஸ்' தொடரின் எட்டாம் இதழுக்கென மைக் செக் வரைந்த ஒரே ஒரு பக்கம், 2022 சனவரியில் அமெரிக்காவில் 33 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. 'ஸ்பைடர்மேன்' என்னும் தலைவன் கருநிற உடை பெற்ற கதை அப்பக்கத்தில் அமைந்தமையே அதன் சிறப்பு.

விலையை உறுதிசெய்யும் கூறுகள் சில. நூலின் உட்பக்கத்தினும் அட்டை ஓவியம் மதிப்பு மிக்கது. பல கட்டங்களாகப் பகுத்த பக்கத்தினும் ஒரே படமாய் அமைந்த முழுப்பக்கம் மதிப்பு மிக்கது. கதைத்தலைவன் தோன்றும் பக்கம் அவன் தோன்றாத பக்கத்தை விஞ்சும். அவன் முதன்முதல் தோன்றும் பக்கமாயின் விலை பன்மடங்காகும். ஓவியர் இன்னார் என்பதும், தாள் யார் யார் கைமாறி வந்தது என்பதும் கேட்கப்படும். கைமாறிய வரலாறு தெளிவுறாத தாளைத் தேர்ந்தோர் வாங்க அஞ்சுவர். போலிகளும் களவுபோன தாள்களும் இச்சந்தையில் உண்டு.

எனினும் இம்மதிப்பு தொடக்கம் முதல் இருந்ததன்று. நெடுங்காலம் பதிப்பகங்கள் இத்தாள்களை அச்சு முடிந்தபின் எஞ்சும் பொருளாகவே கருதின. அமெரிக்க ஓவியர் சாக் கிர்பி தாம் வரைந்த பக்கங்களைத் திரும்பப் பெறுதற்கு மார்வெல் நிறுவனத்தோடு பல்லாண்டு வழக்காடவேண்டியிருந்தது. 1987 இல் அவர் பெற்றவை ஏறத்தாழ 2000 பக்கங்கள். அவர் அந்நிறுவனத்திற்கு வரைந்தனவற்றுள் இது ஒரு சிறு பகுதியே. ஓவியர்க்குத் தாள் உரியது என்னும் கொள்கை நிலைபெற்ற பின்னரே சந்தையும் வளர்ந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3. நம் வட்டாரத்தின் நிலை

சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய மூன்றும் விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் ஒரே இருப்புப்பாதையில் அடுத்தடுத்து அமைந்தவை. தீப்பெட்டித் தொழிலும், அதற்கு வேண்டிய வண்ணச் சீட்டு அச்சும், பின்னர் நாட்காட்டி அச்சும் சிவகாசியில் வளர்ந்தன. அவ்வச்சுத் தொழிலின் மடியிலேயே தமிழ்ப் படக்கதையும் வளர்ந்தது. சௌந்தரபாண்டியன் நிறுவிய 'முத்து காமிக்ஸ்' 1972 சனவரியில் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிற்று. 1984 சூலையில் அவர் மைந்தர் விசயன் 'லயன் காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'தினத்தந்தி' குழுமத்தாரின் 'ராணி காமிக்ஸ்' இதழும் வெளிவரலாயிற்று.

இவ்விதழ்களைத் தேடித் தொகுப்போர் தமிழகத்தில் பலர் உளர். பழைய புத்தகக் கடைகளில் தேடியும் தம்முள் மாற்றிக்கொண்டும் அவர்கள் தொகுக்கின்றனர். முன்னாளில் சிறுவர் கைக்காசுக்கு எட்டிய இதழ்கள் இன்று அச்சுவிலையினும் பன்மடங்கு விலை பெறுகின்றன. ஆயின் அவர்கள் தேடுவன பெரும்பாலும் அச்சுப்படிகளே. மூல ஓவியங்கள் அல்ல. அதற்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, கதைகளுட் பெரும்பாலன வெளிநாட்டில் வரையப்பெற்றவை. இரும்புக்கை மாயாவியின் ஆங்கிலக் கதை 1962 முதல் இலண்டன் இதழாகிய 'வேலியண்ட்' தாளிகையில் வந்தது. அதனை வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. தமிழில் அச்சிடுவதற்கு அச்சுக்கேற்ற படிகள் போதுமாதலின் அவர் கைத்தாள்கள் சிவகாசிக்கு வரவேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, இங்கு வரைந்த ஓவியங்கள் ஒருமுறைக் கூலிக்கு முற்றாக விற்கப்பட்டன. கூலி பெற்றபின் ஓவியர் தாளைத் திரும்பக் கேட்கும் வழக்கம் இல்லை. மூன்றாவது, வரைந்த தாள் அச்சகத்தில் மை, பசை, வெட்டுகத்தி ஆகியவற்றிடையே புழங்கும் தொழிற்பொருளாயிற்று. வெப்பமும் கரையானும் எஞ்சியவற்றை அழிக்கப் போதுமானவை.

கோவிற்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராசுவும் (1898–1976) அவர்தம் மாணாக்கரும் தீட்டிய தெய்வ ஓவியங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி வீடுதோறும் சென்றன. படத்தை வணங்கினோர் எண்ணிறந்தோர். தீட்டிய பலகையை நினைந்தோர் மிகச் சிலர். படக்கதைக்கு நேர்ந்ததும் அதுவே.

4. தமிழ்ப் படக்கதையில் மூலம் எவை?

ஓவியம் அயல்நாட்டாரது ஆயின், தமிழ்ப் படக்கதைக்கு மூலம் என ஒன்று உண்டோ எனச் சிலர் வினவலாம். உண்டு என்பதே நம் கருத்து. தொல்காப்பியர் நூலை முதல், வழி என இருவகைப்படுத்தி, மொழிபெயர்த்தலை வழிநூலின் ஒரு வகையாக வைத்தார். வழிநூலும் நூலே, ஆதலின் அதற்கும் கைப்படி உண்டு. தமிழ்ப் படக்கதையில் அத்தகைய கைப்படிகள் இரண்டு.

ஒன்று அட்டை ஓவியம். கதை அயல்நாட்டதாயினும், தமிழ் இதழ்களின் அட்டைகள் பலவற்றை உள்நாட்டு ஓவியரே புதிதாகத் தீட்டினர். நாட்காட்டி ஓவியத்தின் செறிந்த வண்ணமும் மேலைநாட்டுக் கதைத்தலைவனின் தோற்றமும் ஒன்றுகூடிய அவ்வோவியங்கள் நம் வட்டாரத்திற்கே உரிய கலை.

மற்றொன்று எழுத்துத் தாள். பேச்சுக் கூண்டுகளில் ஆங்கிலத்தை அகற்றி, அவ்விடத்தே தமிழ் வரிகளை எழுதி ஒட்டி அமைத்த தாளே அஃது. ஆங்கிலத்திற்கென வகுத்த கூண்டின் அளவு மாறாது. தமிழ்ச் சொல்லோ விகுதிகள் ஏற்று நீளும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் சொல்லைச் சுருக்கவும், வாக்கியத்தை முறித்து அடுத்த கூண்டில் வைக்கவும், வினைமுற்றை விலக்கிப் பெயரால் முடிக்கவும் நேர்ந்தது. படக்கதைத் தமிழின் விரைந்த குறுந்தொடர் நடைக்கு இவ்விட நெருக்கடி ஒரு காரணம் என்று கருதுகின்றோம். எச்சொல் நீக்கப்பட்டு எச்சொல் நின்றது என்பதை அச்சுப்படி காட்டாது, ஒட்டுத்தாளே காட்டும். பாடவேறுபாட்டாய்வில் பயின்றோர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதல் வரைவு எஞ்சுவதன் பயனுக்குத் திருவில்லிபுத்தூரோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் உள்ளது அவ்வூர்க் கோபுரம் என்பது பெருவழக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலைக் கோபுரமே என்பாரும் உளர். 1948–49 அளவில் அதனை வரைந்தவர் மதுரை ஓவியர் கிருட்டிணராவ். நாடெங்கும் பரவிய அச்சுருவம் இவ்வழக்கைத் தீர்க்கமாட்டாது. எதனைப் பார்த்து வரைந்தார் எனக் காட்டவல்லன ஓவியரின் முதல் வரைவுகளே.

5. சட்டம் கூறுவது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 1994 இல் திருத்தப்பெற்றபோது 53அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஓர் ஓவியத்தின் மூலப்படியோ இலக்கியத்தின் கையெழுத்துப்படியோ 10,000 உரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையாகுமாயின், படைத்தோர்க்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் அவ்விலையில் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு நூற்றுக்குப் பத்தினை மிகாது. பதிப்புரிமைக் காலம் முடியும் வரையே அது நிற்கும். பதிப்புரிமையைப் பிறர்க்கு எழுதிக்கொடுத்திருந்தாலும் இவ்வுரிமை அழியாது என்பது இப்பிரிவின் சிறப்பு.

இதில் இரண்டு செய்திகள் நம் நோக்கிற்கு உரியன. ஓவியத்தின் மூலத்தையும் நூலின் கையெழுத்துப்படியையும் சட்டம் ஒரே தொடரில் வைத்து எண்ணுகின்றது. இது நாம் மேலே கூறிய கருத்தோடு ஒத்தது. மற்று, சட்டப்படி படைப்பின் முதல் உரிமையாளராய் இருந்தோர்க்கே இப்பங்கு உரியது. ஆதலின் நிறுவனத்தில் ஊதியம் பெற்று வரைந்த ஓவியரினும், தம் இல்லத்திருந்து தனித்து வரைந்து கொடுத்தோர்க்கே இது பெரிதும் பயன்படும்.

6. செய்யத்தக்கன

சந்தை ஒருவகையில் நன்மை செய்கின்றது. விலையுண்டு என்று அறிந்த வீட்டார் பழைய தாளைக் குப்பையில் இடார். ஆயின் அதனால் கேடும் உண்டு. ஒரு கதையின் இருபது பக்கங்களும் இருபதின்மர் கைக்குத் தனித்தனியே சென்றபின் கதையாக ஒருங்கே காண்டல் அரிதாகும். ஏடுகள் தனித்தனியே பிரிந்த சுவடியின் நிலையே அது. ஆதலின் விலை உயர்வதற்கு முன்னரே பதிவு செய்தல் வேண்டும்.

தொகுப்போன் ஒருவனின் ஆர்வம் ஆய்வுக்கு அடிப்படையாதல் கூடும் என்பதற்குக் கோட்டையூர் உரோசா முத்தையா சான்றாவார். அவர் தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களும் இதழ்களும் அறிக்கைத் தாள்களும், 1992 இல் அவர் மறைந்த பின்னர்ச் சிகாகோப் பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, 1994 இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. பலரும் பொருட்படுத்தாத தாள்களை அவர் காத்தமையாலேயே இன்று நாம் அவற்றைக் கற்கின்றோம்.

இவ்வட்டாரத்தில் முதற்கண் செய்யவேண்டுவது ஒரு பெயர்ப்பட்டியல். திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சிவகாசி ஆகிய ஊர்களில் அட்டை வரைந்தோர், எழுத்தெழுதியோர், ஒட்டுத்தாள் அமைத்தோர் ஆகியோர் குடும்பங்களை அணுகி, எஞ்சியிருக்கும் தாள்களின் அளவு, பொருள், காலம், திருத்தங்கள் என்பவற்றைக் குறித்தல் வேண்டும். தாளை வாங்குதல் பின்னர் ஆகலாம். அதனை உள்ளவாறு படமெடுத்து வைத்தல் முன்னர் ஆகவேண்டும். முன்னாள் முதலமைச்சர் பூ. ச. குமாரசாமிராசா தம் இல்லத்தையே ஈந்ததனால் அமைந்த காந்தி கலைமன்றம் உள்ள ஊர் இராசபாளையம். அவ்வூரில் இத்தாள்களின் காட்சி ஒன்று நிகழுமாயின், தம் வீட்டுப் பரணில் இருப்பது யாது என்பதைப் பலர் உணர்வர். முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டு முயன்றால் இப்பட்டியலின் பெரும்பகுதியை முடித்தல் கூடும். வரைந்தோருட் பலர் முதியர் ஆயினமையின், காலந்தாழ்த்தின் தாள்களோடு அவற்றைப் பற்றிய நினைவும் மறையும்.