பாலைச் சோதிக்கும் வேலை யாருக்குப் போகிறது?

நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அம்பேவெல அதிக தூரமில்லை. மாட்டுப் பண்ணையும் பால்மாத் தொழிற்சாலையும் உள்ள ஊர். இந்தப் பக்கத் தோட்டங்களிலும் லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. கொழுந்துச் சம்பளம் போதாத வீட்டில் கடைக் கணக்கை அடைப்பது பால்காசுதான். ஆனால் அந்தப் பாலைச் சோதிக்கும் அரச தொழில்நுட்பப் பதவிகளில் எங்கள் பிள்ளைகளைக் காண்பது அரிது. "அவங்களுக்கு ஆர்வமில்ல" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். விடயம் அதுவல்ல.

முதலில் வேலையைப் பார்ப்போம். நல்ல பசும்பாலின் அடர்த்தி பெரும்பாலும் 1.028க்கும் 1.032க்கும் இடையில் இருக்கும். தண்ணீர் கலந்தால் பால்மானி காட்டிக்கொடுக்கும். தண்ணீரோடு சீனியையும் கலந்தால் பால்மானியே ஏமாந்துபோகும்; அதைப் பிடிக்க வேறு சோதனை வேண்டும். கொழுப்பை அறிய கேர்பர் முறை: சல்பூரிக் அமிலமும் அமைல் அற்ககோலும் சேர்த்து, குழாயைச் சுழற்றி, மேலே திரளும் கொழுப்பை வாசிக்க வேண்டும். விலை இந்தக் கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. வாசிப்பு பிசகினால் நட்டம் பால் ஊற்றியவருக்கு.

பால்மா என்றால் இன்னும் சிக்கல். புரதத்தை நைதரசனைக் கொண்டு கணக்கிடுவதால்தான் 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால் சோதனையில் தேறியது. 6 குழந்தைகள் இறந்தார்கள். ஏறத்தாழ 3 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 2013இல் நியூசிலாந்துப் பால்மாவில் டைசயன்டயமைட் இருப்பதாக இங்கே கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் பரிசோதனை சொன்னது. பொன்டெரா அதை ஏற்கவில்லை; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் தொடுக்கப்படும் வழக்குகளிலும் பகுப்பாய்வாளரின் அறிக்கைதான் முக்கிய சான்று.

இனி ஆட்சேர்ப்பு. திணைக்களம் என்றால் வெள்ளிக்கிழமை வர்த்தமானி. மில்கோ போன்ற அரச நிறுவனம் என்றால் பத்திரிகை விளம்பரம். இப்படியான பதவிகளுக்கு பெரும்பாலும் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்தியோ, துறைசார் டிப்ளோமாவோ கேட்பார்கள். இங்கேதான் முதல் கதவு மூடுகிறது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் உள்ளவை சொற்பம். இருந்தாலும் இரசாயனவியல் ஆசிரியர் நிலைப்பது கடினம். ஆய்வுகூடத்தில் பியூரெட்டைத் தொடாமலே பரீட்சை எழுதிய பிள்ளைகளோடு பேசியிருக்கிறேன். குண்டசாலை கால்நடை வளர்ப்புப் பாடசாலையின் டிப்ளோமா ஒரு வழி. அதற்கும் உயர்தரம் வேண்டும்.

சிங்களம் தெரியாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்பவர்கள், சேர்ந்து 5 ஆண்டுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே சுற்றறிக்கை. சிங்களவருக்குத் தமிழ், எங்களுக்குச் சிங்களம்.

எனக்கு அதிகம் கோபம் வருவது தபால் விடயத்தில். லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையாலோ வீடு வரவேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கைக்கு வந்த கதைகள் ஒவ்வொரு டிவிஷனிலும் உண்டு. விண்ணப்பம் போடும் பிள்ளைகள் இப்போது ஒரு தந்திரம் செய்கிறார்கள்: முகவரிக்கு நேரே, டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் விலாசத்தை எழுதுகிறார்கள்.