எலும்புக்கும் ஒரு சாரம்

கட்டடத்துக்குச் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். நடுவில் துண்டு போய்விட்ட எலும்புக்கும் இப்படி ஒரு சாரம் வைக்கலாம். பிரிக்க ஆள் வேண்டாம். எலும்பு வளர வளர அது உடம்புக்குள்ளேயே கரைய வேண்டும்.

பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கோடு, எலும்பில் உள்ளது போன்ற ஹைட்ராக்சிஅபடைட் தாதுவைக் கலந்து, ஸ்பாஞ்சு மாதிரி துளைகளோடு செய்கிறார்கள். துளை 100 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் செல்களும் ரத்தக் குழாய்களும் நன்றாக நுழையும்.

சரி, கரண்ட் எதற்கு? உலர்ந்த எலும்பை அழுத்தினால் மின்சாரம் உண்டாகிறது என்று 1957-ல் ஜப்பானின் ஃபுகாடாவும் யசுடாவும் காட்டினார்கள். சிறு மின்தூண்டல் எலும்பு செல்களின் வேலையைக் கூட்டும் என்பது பிறகு சோதனைகளில் தெரிந்தது. ஆனால் மேலே சொன்ன இரண்டுமே இன்சுலேட்டர்கள்! அதனால் பாலிபைரோல், கார்பன் நேனோகுழாய், கிராஃபீன் இவற்றில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். கொஞ்சம் போட்டால் ஒன்றும் நடக்காது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டு வழி போட்டதும் கடத்துதிறன் சட்டென்று எகிறும். அளவு மீறினால் சாரம் நொறுங்கும், செல்களுக்கும் கேடு.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கொத்தனாரான அப்பாவிடம் இதைச் சொன்னேன். கால் ஒடிந்து பிளேட் வைத்து, அதை எடுக்க மறுபடி ஆபரேஷன் செய்துகொண்டவர் அவர். "எலும்பு வெயிட்டு தாங்குறதுக்குள்ள சாரம் கரைஞ்சுட்டா?" என்றார். சரியான கேள்வி. பாலிகேப்ரோலாக்டோன் கரைய 2 வருடத்துக்கு மேல் ஆகும், அங்கே பயமில்லை. கரையாமல் தங்கும் கார்பனும் பாலிபைரோலும்தான் எனக்கு உறுத்துகிறது. சோதனைகள் இன்னும் பெரும்பாலும் எலி, முயல் அளவில்தான் நடக்கின்றன.