துணிப் பையில் எலுமிச்சை: அகலமா, உயரமா?

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ராயகிரி வீட்டு மொட்டை மாடியில் எதற்கு எலுமிச்சை என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆசை, அவ்வளவுதான். இணையத்தில் ஒரு அளவு அட்டவணையைப் பார்த்து, 18 இன்ச் அகலம், 18 இன்ச் உயரம் கொண்ட இரண்டு துணிப் பைகள் வாங்கி, கன்றுகளை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அம்மாவுக்கு.

ஆடி மாதம் போன் வந்தது. "காலைல ஊத்துனது சாயங்காலம் காஞ்சு கெடக்குப்பா. ரெண்டு நேரமும் குடத்தைத் தூக்கிட்டு மாடி ஏற என்னால முடியல."

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

துணி எதற்கு?

பிளாஸ்டிக் தொட்டியில் வேர் சுவரைத் தொட்டதும் திரும்பி, சுற்றிச் சுற்றி வளரும். சில வருடத்தில் வேரே வேரை நெரிக்கும். துணிப் பையில் வேர் நுனி துணியை எட்டும்போது காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிடும். உடனே பின்னாலிருந்து பக்க வேர்கள் கிளைக்கும். மண் முழுக்க மெல்லிய வேர் நிறையும். இதைக் 'காற்றுக் கவாத்து' என்று சொல்லலாம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் விட்கோம்ப் இதை விரிவாக ஆராய்ந்தார்.

ஆனால் வேர் நுனியைக் காய வைக்கும் அதே காற்று மண்ணையும் காய வைக்கும். பிரச்சினை அங்கேதான்.

அட்டவணை யாருடையது?

துணித் தொட்டி அளவு என்று தேடினால் கேலன் கணக்கில் வரும் அட்டவணைகளில் பல, கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. கலிபோர்னியாவில் 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு வீட்டுக்கு 6 செடி வளர்க்கலாம். எண்ணிக்கைக்குத்தான் வரம்பு, செடியின் அளவுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு செடியையும் மரம் மாதிரி பெரிதாக்க 100, 200 கேலன் பை வைப்பார்கள். நம் ஊரில் 1985 போதைப்பொருள் சட்டப்படி அந்தச் செடியை வளர்த்தால் 10 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை விடுங்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அது ஒரே பருவத்தில் முடியும் செடி, பையும் தரையில் இருக்கும். என்னுடையது பல வருடம் நிற்க வேண்டிய மரம், அதுவும் கான்கிரீட் தளத்தின் மேல். 100 கேலன் என்றால் சுமார் 380 லிட்டர். ஈர மண்ணோடு 450 கிலோ. மாடியில் நினைத்தே பார்க்க முடியாது.

இன்ச்சை லிட்டராக்குவது

அகலம் × அகலம் × உயரம், எல்லாம் இன்ச்சில். அதை 78-ஆல் வகுத்தால் லிட்டர்.

12×12 பை: 22 லிட்டர்
18×18 பை: 75 லிட்டர்
24×12 பை (அகலம் 24, உயரம் 12): 89 லிட்டர்
24×24 பை: 177 லிட்டர்

ஒரு எச்சரிக்கை. சிலர் பையைத் தட்டையாக மடித்து வைத்து அளந்த அகலத்தைப் போடுகிறார்கள். தட்டையாக 18 இன்ச் என்றால் மண் நிரப்பி உருண்டையாகும்போது விட்டம் பதினொன்றரை இன்ச்தான். கொள்ளளவு பாதிக்கும் கீழே, 40 சதவீதம். வாங்கும் முன் "விட்டமா, தட்டை அகலமா?" என்று கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

அகலமும் உயரமும் சமமாக இருக்கும் உருளையில் பக்கச் சுவரின் பரப்பு, மேல் பரப்பைப் போல் சரியாக 4 மடங்கு. பிளாஸ்டிக் தொட்டியில் மேல்பக்கம் மட்டும்தான் காயும். அதே அளவு துணிப் பையில் காயும் பரப்பு 5 மடங்கு. மேல்மண்ணுக்கு மூடாக்கு போடுகிறோம், சுவரை மறந்துவிடுகிறோம்.

இதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையை மலை வாங்கிக்கொண்டு, நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது. சங்கரன்கோவில், சுரண்டை பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஐப்பசி மழை வரும் வரை அந்த நான்கு மடங்கு சுவர் அம்மாவின் குடத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது 24×12 பையைப் பாருங்கள். சுவர்ப் பரப்பு மேல் பரப்பைப் போல் 2 மடங்குதான். 18×18-ஐ விட 14 லிட்டர் கூடுதல் மண் பிடிக்கிறது, ஆனால் சுவர்ப் பரப்பு சுமார் 10 சதவீதம் குறைவு. மேல்பக்கம் பெரிதுதான், அதைச் சருகோ தென்னை மட்டையோ போட்டு மூடிவிடலாம்.

எடைக் கணக்கு

செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள் கலவை நனைந்திருக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். வெறும் செம்மண் என்றால் 1.8 வரை போகும், அது மாடிக்கு ஆகாது. 18×18 பை 90 கிலோ, 24×12 பை 106 கிலோ. ஆனால் பைக்கு நேர் கீழே தளம் தாங்கும் அழுத்தம் மண்ணின் உயரத்தைப் பொறுத்ததுதான். 18 இன்ச் உயரத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 550 கிலோ, 12 இன்ச்சுக்கு 365.

ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 875 சொல்லும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. அதனால் 24×12 பை ஒன்றுக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் விடுங்கள். சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலே வையுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம். பழைய கட்டை குத்திய மட்டப்பா என்றால், பொறியாளரைக் கேட்காமல் ஒரு பைகூட வைக்காதீர்கள். பக்கவாட்டுக் காற்றில் சாயாமல் நிற்கவும் அகலமான அடி உதவும்.

12 இன்ச் ஆழம் போதுமா?

தோட்டத்தில் எலுமிச்சைக்கு 75 சென்டிமீட்டர் குழி தோண்டுவார்கள், அது 420 லிட்டர். ஆனால் சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் 2 அடிக்குள் பக்கவாட்டில் பரவுபவை. பையில் தோட்டத்து மரம் வராது. கவாத்து செய்து, ஆள் உயரத்தில் நிறுத்தினால் வீட்டுக்குக் காய் கிடைக்கும். ஆழம் குறைந்த பையில் அடிமண் ஈரமாகவே நிற்கும் என்பது உண்மை. அதற்குக் கலவை பொலபொலப்பாக இருக்க வேண்டும், பையைச் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும்.

சின்னக் கன்றை நேராகப் பெரிய பையில் வைக்காதீர்கள். வேர் எட்டாத ஈரமண் புளித்து, வேர் அழுகும். முதல் வருடம் 12×12, பிறகு பையைக் கிழித்து 24×12.

உப்புத் தண்ணீர் என்றால் துணியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குவதுதான் அது. மழைக் காலத்தில் பையை மழையில் நன்றாக நனையவிட்டு, அடியில் தண்ணீர் ஓடட்டும்.

என் இரண்டு கன்றுகளில் ஒன்று அந்த ஆடியிலேயே போய்விட்டது. மற்றதை மழை பிடித்தபிறகு 24×12-க்கு மாற்றி, மாடிப்படிச் சுவரின் நிழல் பக்கம் வைத்து, மேலே மட்டை போட்டு மூடினேன். இந்த வருடக் காற்றில் காலையில் ஒரு குடம், அவ்வளவுதான். சாயங்காலக் குடம் நின்றுவிட்டது. இன்னும் பூக்கவில்லை. அம்மா அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை.