இணைப்பு அறுந்தால் பூட்டைக் கழற்றாதீர்கள்

இரவு சர்வரின் மென்பொருள்களைப் புதுப்பித்தோம். காலையில் வாடகை நூலகத்தின் உறுப்பினர் கணக்கைப் பார்க்கும் லிஸ்ப் நிரல் தரவுத்தளத்துக்குள் நுழைய முடியாமல் நின்றது. பராமரிப்புக்கு வந்தவர், போஸ்ட்கிரெஸின் பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்: 'டிரஸ்ட்'. நிரல் ஓடியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வரியில் குறித்த முகவரியிலிருந்து யார் வந்தாலும் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடு என்பதுதான் அதற்குப் பொருள். உறுப்பினர்களின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் எல்லாம் உள்ளேதான் இருந்தன.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

உண்மைக் கோளாறு சின்னது. போஸ்ட்கிரெஸ் 14 முதல் புதிதாக வைக்கும் கடவுச்சொல், இயல்பாகவே எம்டி5-க்குப் பதிலாக ஸ்க்ராம்-ஷா-256 முறையில் சேமிக்கப்படுகிறது. அன்று இரவு கடவுச்சொல்லையும் மாற்றியிருந்தோம். நிரலில் இருந்த பழைய இணைப்பு நூலகத்துக்கு ஸ்க்ராம் தெரியாது. லிஸ்ப் நூலகங்களை நிறுவும் குயிக்லிஸ்ப் வழியாக அதைப் புதுப்பித்து, 'டிரஸ்ட்'டை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அப்போதும் அதே பிழை! அரை நாள் போன பிறகுதான் உறைத்தது: ஓடிக்கொண்டிருந்தது லிஸ்ப் தொகுப்பியான எஸ்பிசிஎல்லில் முன்பே சேமித்து வைத்த இமேஜ். பழைய இணைப்பு நூலகம் அதற்குள்ளேயே உறைந்து கிடந்தது. இமேஜை மறுபடி உருவாக்கியதும் 'டிரஸ்ட்' இல்லாமலே இணைப்பு வந்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் தரவுத்தளத்தின் பதிவேட்டைப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். பிறகு நிரலின் அதே பயனர் பெயரில், போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லிலிருந்து நுழைந்து பாருங்கள். அப்போது 127.0.0.1 என்று முகவரியைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும். அங்கே விதி வேறு, விடையும் ஏமாற்றும். டெபியன் என்றால் போர்ட்டையும் பாருங்கள். பழைய பதிப்பு 5432-இல் இருக்க, புதியது 5433-இல் ஏறியிருக்கலாம்.

நிரலை வேறொருவர் எழுதிக் கொடுத்திருந்தால் மூல நிரல், இமேஜ் உருவாக்கும் முறை, தரவுத்தள நிர்வாகியின் கடவுச்சொல் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இமேஜ் மட்டும் கையில் இருந்திருந்தால் அன்று எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இணைப்பு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. 2018-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 சொற்களை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. '11'-க்குப் பின்னால் நின்ற '1-1' அதற்கு முன்னால் வந்துவிட்டது. பழைய வரிசையில் கட்டிய சுட்டிகள் (இண்டெக்ஸ்) அதன்பின் தப்பான விடை தரக்கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எங்கள் சர்வர் அந்த எல்லையைத் தாண்டித்தான் வந்திருந்தது. இருக்கிற உறுப்பினர் ஒருவரை 'இல்லை' என்றது நிரல். சுட்டிகளை மறுபடி கட்டும் ரீஇண்டெக்ஸ் ஓடி முடித்த பிறகு அவருடைய உறுப்பினர் எண்ணைத் தட்டினோம். அவர் பெயர் வந்தது.