பிள்ளையின் படிப்பும் பெற்றோரின் உரிமையும்

சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி, 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் தமிழ்நாடு முழுவதும் அறிந்த ஊராயிற்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டுப் பரவனாற்றைத் திசை திருப்பும் கால்வாயை, போலீஸ் பாதுகாப்புடன், நெற்பயிர் நின்ற வயல்களிலேயே வெட்டத் தொடங்கியதும், அதையொட்டிக் கிளர்ச்சிகள் எழுந்ததும், வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு உத்தரவு பிறந்ததும் பத்திரிகை படிப்போர் நினைவில் இருக்கும். வயலைப் பற்றியும் நஷ்டஈட்டைப் பற்றியும் அப்போது பேசியவர்கள் பலர். ஆனால் அந்த வயலின் வருமானத்தை ஆதாரமாகக் கொண்டு ஊர் நடுநிலைப்பள்ளியில் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. நிலத்துக்கு விலை நிர்ணயிக்கலாம். குடும்பம் நிலைகுலைந்திருக்கும் இரண்டொரு வருஷங்களில் ஒரு பிள்ளை கற்காமல் விட்ட பின்னத்தையும் தசமத்தையும் எந்த நஷ்டஈட்டு அட்டவணையும் கணக்கில் சேர்ப்பதில்லை. சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் வாழும் பெற்றோர், இந்த விஷயத்தில் சட்டம் தங்களுக்கு என்ன உரிமை தந்திருக்கிறது என்பதையும், எங்கே ஆபத்து இருக்கிறது என்பதையும், பரிகாரம் தேட எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் அறிந்திருப்பது அவசியமென்ற எண்ணத்தாலேயே இதை எழுத முற்பட்டேன்.

பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பதில் வீட்டுக்குள்ள பங்கு எவ்வளவு பெரிது என்பது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையன்று. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞரின் தலைமையில் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களைக் கொண்டு நடந்த பேராய்வு, பள்ளிக் கட்டடத்தையும் சாதனங்களையும் விடக் குடும்பத்தின் நிலைமையே மதிப்பெண்ணோடு அதிகம் பிணைந்திருக்கிறது என்று காட்டியது. இந்த முடிவைக் கேட்டவுடன், 'அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்துவிட முடியும்?' என்று கைவிரிக்கும் ஆசிரியர்களும் உண்டு. 'எங்கள் தலையெழுத்து அவ்வளவுதான்' என்று அடங்கிவிடும் பெற்றோரும் உண்டு. இரண்டும் பிழையான அபிப்பிராயங்கள் என்றே நான் கருதுகிறேன். வீட்டில் என்ன நேர்கிறது என்பதைப் பள்ளி அறிந்து, அதற்கேற்பத் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்பதே அந்த ஆய்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பொருள்.

என்ன நேர்கிறது? நிலம் போன குடும்பத்தில் தந்தை ஒப்பந்தத் தொழிலாளியாகி, பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வர, அவர் உறங்கும் நேரத்தில் பிள்ளை வாய்விட்டுப் படிக்க முடியாமற் போகிறது. தாய் விடியுமுன் கூலி வேலைக்குப் புறப்பட்டுவிட, ஏழாவது படிக்கும் பெண் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, முதல் மணி அடித்த பிறகே பள்ளிக்கு வந்து சேர்கிறாள். நஷ்டஈட்டுப் பணம் கைக்கு வந்த வீட்டிலும் நிம்மதி இருப்பதாகச் சொல்ல முடியாது. பங்கு பிரிப்பதில் உண்டாகும் கலகமும், மதுக்கடைக்குப் போகும் காசும், பழைய கடனும் வீட்டின் அமைதியைக் குலைத்துவிடுகின்றன. இன்னொரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டபோது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமே வகுக்கப்பட்டது. ஆகவே ஒரே நடுநிலைப்பள்ளி வளாகத்தில், நேற்று ஐந்தாம் வகுப்பில் காலைச் சிற்றுண்டி அருந்திய பிள்ளை, ஆறாம் வகுப்பில் காலடி வைத்தவுடன், வீட்டில் அடுப்பு மூட்டப்படாத நாளில், மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு கணக்குப் பாடம் கேட்க நேர்கிறது. அத்தகைய பிள்ளையை மந்தபுத்தி என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

இத்தகைய பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளிகள் பெற்றோரின் ஒத்துழைப்பால் சிறப்படைய முடியுமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1991இல் சட்டமியற்றித் தொடங்கிவைத்த சார்ட்டர் பள்ளிகளைச் சிலர் உதாரணம் காட்டுவதுண்டு. அரசுப் பணத்தில், சுயேச்சையான நிர்வாகத்தில் நடப்பவை அவை. எனினும் அவற்றுக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர், விண்ணப்பிக்கும் சிரத்தை உடையவர்கள் என்ற அளவிலேயே ஏனையோரினின்று வேறுபட்டவர்கள் என்பதை மறக்கலாகாது. நம் ஊர்ப் பள்ளி, வருகிற பிள்ளை அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி. அதன் பெருமையும் அதுவே, அதன் பாரமும் அதுவே.

இனி ஆபத்துகளைப் பார்ப்போம். அவற்றுள் முதன்மையானது கண்ணுக்குத் தெரியாதது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. மத்தியக் கல்வி உரிமைச் சட்டத்தில் நிறுத்திவைக்க இடந்தரும் திருத்தம் 2019இல் வந்த பின்னும் இது மாறவில்லை; 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இந்த ஏற்பாட்டையே உறுதி செய்தது. இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. பத்து வயதுப் பிள்ளையைத் தோல்வியுற்றவன் என்று முத்திரையிடுவது அவனைப் பள்ளியை விட்டு விரட்டுவதற்குச் சமானம். ஆனால், 'பாஸாகிவிட்டான்' என்ற சொல்லை நம்பி, பிள்ளை தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடையின்றி வாசிக்கிறானா, வகுத்தல் கணக்குப் போடுகிறானா என்று பாராமலே மூன்று வருஷங்களைக் கழித்துவிடும் பெற்றோர், ஒன்பதாம் வகுப்பில், வேறோர் உயர்நிலைப்பள்ளியில், திடீரென்று அவன் தடுமாறி நிற்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளையின் கற்றலைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டுமென்று விதிக்கிறது. ஆகையால், 'என் பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறான்? பின்தங்கியிருந்தால் என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று பருவந்தோறும் கேட்பது அதிகப்பிரசங்கமாகாது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்காக 2025ஆம் கல்வியாண்டில் 'திறன்' என்ற இயக்கமும் தொடங்கப்பட்டிருக்கிறது. அதில் தம் பிள்ளை சேர்க்கப்பட்டிருக்கிறானா என்று விசாரிக்கலாம். எழுத்துகள் இடம் மாறித் தோன்றுகின்றன என்றோ, கரும்பலகை தெரியவில்லை என்றோ பிள்ளை சொன்னால், அதைச் சோம்பலென்று தள்ளாமல் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பதை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது.

அடுத்த ஆபத்து பள்ளிக்கே நேர்வது. குடும்பங்கள் ஊரை விட்டுப் பெயரப் பெயரப் பள்ளியின் சேர்க்கை குறையும். சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணிநிரவலில் வேறிடம் செல்வார். ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து எஞ்சிய பிள்ளைகளையும் பெற்றோர் எடுத்துவிடுவார்கள். இந்தச் சரிவைத் தடுக்கப் பயன்படும் ஆயுதம் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு, வகுப்புக்கு ஓர் ஆசிரியரேனும் இருக்க வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியரேனும் இருக்க வேண்டும். 35 பிள்ளைக்கு ஒருவர் என்பது அதற்கு மேற்பட்ட விதி. பள்ளி சிறியது என்பதற்காகக் கணித ஆசிரியரை மறுக்க முடியாது என்று இதற்குப் பொருள். வருஷத்துக்கு 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரப் போதனையும் அதே அட்டவணையில் கண்ட நியமங்கள்.

இந்த உரிமைகளைக் கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் அதிகாரம். கையொப்பமிட்டு எழுந்து வருவதற்காக மட்டும் அந்தக் குழுவில் தாய்மார்கள் அமர்வதைக் காணும்போது எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டாகிறது. 'ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள்?' என்று ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்தால், அது வெறும் புலம்பலாக இராமல் பதிவேடாகிவிடும். பக்கத்திலுள்ள நிறுவனங்களிடம் உதவி கோரவும் அந்தத் தீர்மானமே ஆதாரமாகும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அதில் அடக்கம்.

ஊர் பெயரும் குடும்பங்களுக்கு வேறு சில பாதுகாப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் தொழில்களுக்காக நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி நடந்தாலும், 2013ஆம் ஆண்டு மத்திய நிலச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு, அடிப்படை வசதி ஆகிய அட்டவணைகள் அதற்கும் பொருந்துமாறு செய்யப்பட்டிருக்கின்றன. மூன்றாம் அட்டவணை, மறுகுடியமர்வு இடத்தில் சாலை, குடிநீர், அங்கன்வாடி ஆகியவற்றோடு கல்வி உரிமைச் சட்டத்துக்கு இணங்கிய பள்ளியும் அமைய வேண்டுமென்று கூறுகிறது. மனையின் அளவையும் வேலையையும் பேசும் பேச்சுவார்த்தையில் பள்ளியையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நடுநிலை வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி என்பது மாநில விதி. பெயரும்போது மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும் என்பதும், அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது என்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் விதிகள். கட்டணப் பாக்கியைக் காட்டிச் சான்றிதழை நிறுத்தி வைக்கலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. இடையில் படிப்பு நின்றுபோன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவும் அந்தக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமுண்டு.

நஷ்டஈட்டுப் பணம் வந்த கையோடு பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. அது பெற்றோரின் சுதந்திரம். குறை கூற நான் முன்வரவில்லை. ஆனால் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு உரியது. கல்லூரி செல்லும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெறவும் ஆறாம் வகுப்பிலிருந்து தொடர்ச்சி கேட்கப்படுகிறது. இரண்டே வருஷம் தனியார் பள்ளியில் பயின்று, பணம் கரைந்தபின் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை இவற்றை இழக்க நேரிடும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் தேறியவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50 போதும். ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

அடியும் வசைச் சொல்லும் பிள்ளையைப் படிக்க வைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பள்ளியில் உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் தடுக்கப்பட்டவை. வீட்டில் தந்தை குடித்துவிட்டுத் தாயை அடிப்பாரானால், அதைக் கண்டு உறக்கமின்றி வரும் பிள்ளையும் அந்த அடியை வாங்கியவனே ஆவான். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி தாய் பாதுகாப்பு அலுவலரை நாடலாம், 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். இத்தகைய வீட்டு விவகாரத்தை வகுப்பாசிரியரிடம் மட்டுமாவது தனியே சொல்லிவைப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. சொல்லக் கேட்ட ஆசிரியரும் அதை ஊரறியச் செய்யாமல் மனத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளை தாமதமாக வந்தால் வெளியே நிறுத்தாமல், வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க இடங்கொடுப்பாரானால், அவர் செய்யும் உபகாரம் பெரிது.

பள்ளியளவில் தீராத குறைக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடமும், அதன்பின் கடலூர் மாவட்டக் கல்வி அதிகாரிகளிடமும் மனு கொடுக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் கொடுத்த புகாரை மூன்று மாதங்களுக்குள் தீர்க்க வேண்டும். தீர்ப்பு திருப்தியளிக்காவிடில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. மனுவின் நகலில் தேதியிட்ட ஒப்புகை பெற்றுக்கொள்வதும், ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் எந்தத் தேதி முதல் என்று குறிப்பிடுவதும், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதே விஷயத்தைத் தீர்மானமாக எழுதச் செய்து நகல் கேட்பதும் நல்லது. எழுத்தறியாத தாயானால் பிள்ளையையே மனுவை எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைரேகை வைக்கலாம்.