எட்டுப் பக்கமும் ஓர் ஓவியரும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரு தடித்த நோட்டு. அதில் 160 பக்கத்துக்கு ஒரு காமிக்ஸ் கதையை எழுதி முடித்திருந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் மூன்று பெண்களின் கதை. டீயைக் கையில் வாங்கும்போதே கேட்டுவிட்டாள்: "மாமா, எனக்கு வரைய வராது. ஒரு ஓவியரை மட்டும் பிடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும். கதை ரெடி."

அந்த 'மட்டும்' எனக்கு உறுத்தியது. ஆனால் அவள் மேல் தப்பில்லை. கதை எழுதுகிறவர்கள் எல்லோருமே முதலில் அப்படித்தான் நினைக்கிறோம். அன்றைக்கு இரண்டு சுற்று டீ ஆகும்வரை அவளிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

நோட்டைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'உப்பளம் முழுக்க நூறு பெண்கள் குனிந்து நிற்கிறார்கள், ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு கவலை.' நல்ல வரிதான். "இதை எழுத எவ்வளவு நேரமாச்சு?" என்றேன். "ரெண்டு நிமிஷம்." வரைபவர் அந்த ஒரு கட்டத்துக்காக நூறு உடம்பு, நூறு சேலை, கண்ணுக்கெட்டும் தூரம்வரை பாத்திகள், வெள்ளை உப்பில் கூசும் வெயில் எல்லாவற்றையும் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் அதிலேயே போய்விடும். குனிந்தவர்களுக்கு முகம் எப்படித் தெரியும் என்ற கேள்வியும் அவர் தலையில்தான் விழும்.

சாதாரணமாக ஒரு பக்கத்தைப் பென்சிலில் போட்டு, மையிட்டு முடிக்க ஒன்றிலிருந்து இரண்டு நாள் ஆகும். 160 பக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு, அதுவும் வேறு வேலை எதையும் தொடாமல். அமெரிக்காவில் மாதம் ஒரு முறை வரும் காமிக்ஸ் இதழில் இருபது, இருபத்திரண்டு பக்கம்தான் கதை. அதற்கே பென்சிலுக்கு ஒருவர், மைக்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், 'என் கதையை வரைந்து தாருங்கள்' என்று நோட்டை நீட்டுவது, அவர் வாழ்க்கையில் ஒரு வருடத்தைக் கேட்பதற்குச் சமம்.

நானும் அப்படிக் கேட்டவன். இருபத்து மூன்று வயதில் ஒரு நண்பனிடம் 140 பக்கக் கதையைக் கொடுத்தேன். பதினொரு பக்கம் வரைந்தான், பிறகு என்னைப் பார்ப்பதையே தவிர்த்தான். பல வருடம் அவன் மேல் கோபமாக இருந்தேன். அந்தப் பதினொரு பக்கத்துக்காக அவன் எத்தனை இரவு விழித்திருப்பான் என்று எண்ணிப் பார்த்தது வெகு காலம் கழித்துத்தான்.

"அப்போ என்ன மாமா பண்றது?"

"எட்டுப் பக்கத்துல முடியற கதை ஒண்ணு எழுது. பெரிய கதையோட முதல் எட்டுப் பக்கம் வேண்டாம். தொடங்கி, நடந்து, முடியணும். அதே உப்பளம், அதே மூணு பேரு, ஒரே ஒரு நாள்."

எட்டுப் பக்கம் என்றால் வரைபவருக்கு இரண்டு வாரம். பிடிக்காவிட்டால் மனக்கசப்பு இல்லாமல் பிரிந்துவிடலாம். பிடித்துவிட்டால் கையில் முடிந்த வேலை ஒன்று இருக்கும், பதிப்பாளரிடம் காட்டலாம். சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்பதும் அதற்குள் இருவருக்கும் தெரிந்துவிடும்.

அந்த எட்டுப் பக்கத்தையும் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு நான்கிலிருந்து ஆறு கட்டம் போதும். ஒரு கட்டத்தில் ஒரு செயல்தான் நடக்க முடியும். 'எழுந்து, வாசலுக்குப் போய், கதவைத் திறந்து, ஏமாந்து திரும்பினாள்' என்று அவள் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தாள். அதில் நான்கு படம் இருக்கிறது. அதில் எது தேவை என்று எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏமாந்த முகம் ஒன்றே போதும் என்றால் மற்ற மூன்றையும் விட்டுவிடலாம். முதலில் பேசுகிறவர் கட்டத்தில் இடது பக்கம் நிற்க வேண்டும், நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். வாசகரைத் திடுக்கிட வைக்கும் காட்சியை, தாளைத் திருப்பியதும் வரும் பக்கத்தில் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் கண் முன்கூட்டியே அதைப் பார்த்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. நம் சொற்கள் நீளமானவை. 'சொல்லிக்கொண்டிருந்தாள்' என்ற ஒரு சொல்லே பேச்சு பலூனை அடைத்துக்கொள்ளும். பேச்சு பாதியாகக் குறையும்வரை வெட்டுங்கள். மிச்சத்தை முகம் சொல்லும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு பேச்சு வருகிறது என்பதை வரைபவர் பென்சிலைத் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் பாடுபட்டு வரைந்த வானத்தின் மேல் பலூன் ஏறி உட்கார்ந்துவிடும்.

கையோடு புகைப்படங்களும் கொடுங்கள். தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு உப்பு வாரும் பலகை எப்படி இருக்கும் என்று தெரியும், கோயம்புத்தூரில் இருக்கும் ஓவியருக்குத் தெரிய வேண்டியதில்லை.

"எனக்கு ஒரு நேர்கோடு கூட வராதே, கட்டத்தை எப்படி யோசிக்கிறது?" என்றாள். அப்போதுதான் ஹார்வி பீக்கர் கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் கோப்புகளை அடுக்கும் குமாஸ்தா அவர். 2001-இல் ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். அவருக்கும் வரைய வராது. ஜாஸ் இசைத்தட்டுகள் சேர்ப்பதில் பைத்தியம். 1962-இல் அந்த ஊரில் வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்றில் வேலைக்கு வந்த ராபர்ட் கிரம் என்ற இளைஞருக்கும் அதே பைத்தியம். இருவரும் நண்பர்களானார்கள். கிரம் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற காமிக்ஸ் ஓவியரானார். பீக்கர் 1972-இல்தான் தன் கதைகளை அவரிடம் காட்டினார். தாளில் கட்டம் போட்டு, உள்ளே குச்சி மனிதர்களை நிறுத்தி, தலைக்கு மேல் பேச்சை எழுதியிருந்தார். கிரம் படித்துவிட்டு, தானே வரைந்து தருவதாகச் சொன்னார். 1976-இல் பீக்கர் 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' என்ற இதழைத் தன் சொந்தக் காசில் அச்சிட்டார். பல வருடம் நட்டம்தான், ஆனாலும் நிறுத்தவில்லை. வேலை, பேருந்து, கடை வரிசை என்று தன் அன்றாடத்தையே கதையாக்கினார். கேரி டம், கிரெக் பட்ஜெட், ஃபிராங்க் ஸ்டாக் என்று பலர் அவருக்காக வரைந்தார்கள். இதழுக்கு இதழ் அவர் முகமே மாறும். 2003-இல் அது திரைப்படமாகவும் வந்தது.

குச்சி மனிதன் போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. யார் எங்கே நிற்கிறார், கண் எங்கே போகிறது, பேச்சுக்கு எவ்வளவு இடம் என்று எழுதியவரே யோசித்திருக்கிறார் என்பதை அந்தக் குச்சிகள் வரைபவருக்குச் சொல்லிவிடும். பீக்கருக்கும் கிரம்முக்கும் பழக்கமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் கதை நடுவில் வந்தது. ஓவியர் கிடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வரைபவர்களோடு பழகுங்கள். சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர் கண்காட்சி நடக்கும்போது போய் நின்று பாருங்கள், பேசுங்கள். புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் கடை முன்னால் மணிக்கணக்கில் நிற்பவர்களில் வரைபவர்களும் இருப்பார்கள். இன்ஸ்டாகிராமில் தொடர்ந்து படம் போடுகிறவர்களைச் சில மாதம் கவனியுங்கள்.

யாரைத் தேர்வது? அழகான ஒற்றைப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நடிகர் முகத்தை அச்சாக வரைபவர் நல்ல காமிக்ஸ் ஓவியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே ஆளை முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பின்னிருந்தும் வரைந்தால் அதே ஆளாகத் தெரிகிறாரா? கைவிரல்களை வரைகிறாரா, சட்டைப் பைக்குள் ஒளித்துவிடுகிறாரா? இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசும் காட்சியைச் சலிக்காமல் மூன்று கட்டத்துக்குக் கொண்டுபோகிறாரா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். சண்டையைப் பலரும் வரைந்துவிடுவார்கள், பேச்சை வரைவது கடினம்.

கேட்கும்போது சுருக்கமாகக் கேளுங்கள். அவர் வரைந்ததில் எந்தப் படம் உங்களைப் பிடித்து நிறுத்தியது, உங்கள் கதை எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு தர முடியும், எப்போது வேண்டும். இவ்வளவும் ஐந்து வரியில் அடங்கும். மாதிரிக்கு ஒரு பக்கம் வரையச் சொன்னால் அதற்கும் காசு கொடுங்கள். 'புத்தகம் விற்றதும் பங்கு தருகிறேன்' என்பது காசு அல்ல. கையில் பணமே இல்லை என்றால் பக்கத்தைக் குறையுங்கள். எட்டை நான்காக்குங்கள்.

முதல் ஆளே அமைந்துவிடுவார் என்றும் சொல்ல முடியாது. அதே கிளீவ்லாந்தில் பள்ளி நண்பர்களாக இருந்தவர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். இருவரும் சேர்ந்து உருவாக்கிய சூப்பர்மேனைப் பதிப்பாளர் கைவிட்டதும் ஷஸ்டர் மனம் வெறுத்துப் பக்கங்களை எரித்துவிட்டார். எழுதியவரான சீகல் வேறு ஓவியர்களைத் தேடி அலைந்தார். ரஸல் கீட்டன் என்ற அனுபவசாலி 1934-இல் சில பக்கங்கள் வரைந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். கடைசியில் சீகல் ஷஸ்டரிடமே திரும்பினார். இன்று உலகம் அறிந்திருப்பது ஷஸ்டரின் சூப்பர்மேனைத்தான்.

"நான் நினைச்ச மாதிரி அவங்க வரையலேன்னா?" என்று கேட்டாள். நினைத்த மாதிரி வராது. வரவும் கூடாது. 1959-இல் பிரான்சில் கோசினியும் உடெர்சோவும் ஆஸ்டெரிக்ஸை உருவாக்கியபோது, கதாநாயகன் குள்ளமாக, புத்திசாலியாக இருக்க வேண்டும் என்றார் எழுதுபவரான கோசினி. உடெர்சோவுக்கோ பெரிய உடம்புக்காரனை வரைய ஆசை. குள்ளனை வரைந்துவிட்டு, பக்கத்தில் ஒரு குண்டனையும் வரைந்து வைத்தார். அவன்தான் ஒபெலிக்ஸ். அவன் இல்லாத ஆஸ்டெரிக்ஸை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

நம் வீட்டிலேயே பார்க்கலாம். முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். 'மறைந்துவிட்டான்' என்று எழுதுவது எளிது. ஆளில்லாத ஒரு கை காற்றில் நகர்ந்து வேலை செய்வதைச் சிறுவர்களான நாங்கள் நம்பியது, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ அதை அப்படி வரைந்ததால். கதையை எழுதிய கென் பல்மருக்கும் டாம் டல்லிக்கும் அந்தக் கோடு கிடைத்தது பெரும் பேறு. வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த முகமும், தில்லானா மோகனாம்பாள் என்றால் கோபுலு வரைந்த முகமும் நம் கண்ணுக்கு வருகின்றன. அவை தொடர்கதைக்குப் போட்ட படங்கள். காமிக்ஸில் ஓவியரின் பங்கு அதைவிடவும் அதிகம். பாதிக் கதையைச் சொல்பவரே அவர்தான்.

ஆகவே பேச்சு முடிந்ததும் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நண்பர்கள் என்றால் இன்னும் கட்டாயம். 1938-இல் சூப்பர்மேனின் முதல் 13 பக்கத்துக்குச் சீகலும் ஷஸ்டரும் வாங்கியது 130 டாலர். அந்தத் தொகையோடு பாத்திரத்தின் உரிமையும் கைமாறிப் போயிற்று. முதுமையில் இருவரும் வறுமைப்பட்டார்கள். 1975-இல்தான் ஆண்டுத் தொகை கிடைத்தது, பெயரும் திரும்ப வந்தது. பேட்மேனில் அநியாயம் மறுபக்கம் நடந்தது. ஓவியர் பாப் கேனின் பெயர் மட்டுமே பல்லாண்டு அச்சானது. அந்தக் கதாபாத்திரத்துக்கு உருக்கொடுத்த எழுத்தாளர் பில் ஃபிங்கர் 1974-இல் இறந்தார். அவர் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015-இல்.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957, உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். பக்கத்துக்கு எவ்வளவு, எப்போது. எத்தனை முறை திருத்தம் கேட்கலாம். கதாபாத்திரங்கள் இருவருக்கும் பொதுவா. அசல் தாள்கள் யாரிடம் இருக்கும் (ஓவியரிடமே இருப்பது நியாயம், விற்றால் அது அவர் சம்பாத்தியம்). ஒருவர் பாதியில் விலகினால் வரைந்த பக்கங்கள் என்ன ஆகும். ஆரம்பத்தில் பேசினால் இதெல்லாம் அரை மணி நேர வேலை.

இரண்டாம் டீ முடிந்தபோது அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட ஆரம்பித்திருந்தாள். முதல் கட்டத்தில் குனிந்திருக்கும் ஒரு குச்சிப் பெண். நூறு பேர் வேண்டாம், ஒருத்தி போதும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

கதையோடு ஓவியரைத் தேடும் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புத்தகம் வரும்போது எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அட்டையில், ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.