சுறாப்புட்டும் அரூப ஓவியமும்

சுறாப்புட்டைப் படமெடுக்க உட்காருகிறவர் முதலில் அது சுறாப்புட்டு என்பதை மறக்க வேண்டும். உதிரியான மஞ்சள் பரப்பு, அதில் வதங்கிய வெங்காயத் துண்டுகள், அங்கங்கே கறிவேப்பிலையின் கரும்பச்சை. பொருளின் பெயரை ஒதுக்கி நிறத்தையும் கோட்டையும் வெற்றிடத்தையும் பார்க்கும் இந்தப் பழக்கத்தை அரூப ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

2014இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரே சாலட்டை 60 பேருக்கு மூன்று விதமாகப் பரிமாறினார்கள்: கலந்து குவித்தது, பிரித்து அடுக்கியது, அரூப ஓவியர் காண்டின்ஸ்கியின் ஓவியம் ஒன்றைத் தழுவியது. பொருள்கள் அதேதான், ஆனாலும் ஓவியத் தட்டே அதிக ருசி என்றார்கள், கூடுதல் விலை தரவும் தயாராக இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகக் காப்பிக் கடைக்காக கெய்ட்லின் ஃப்ரீமன் செய்த, அரூப ஓவியர் மோந்திரியானின் ஓவியத்தைத் தழுவிய கேக்கும் பேர்பெற்றது. வெட்டினால் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். நடுவே சாக்லேட் கோடுகள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அது நகல். நமக்கு உதவுவது சாலட்டின் வழி.

முதலில் ஒளி. திருவேட்டக்குடி போன்ற கடலோர ஊரில் கிழக்கே கடல். காலை வெயில் எந்தத் தடையுமின்றித் தாழ்வாக வரும். அப்படிப் பக்கவாட்டில் வரும் ஒளியில் புட்டின் ஒவ்வொரு உதிரிக்கும் தனி நிழல் விழும். சொரசொரப்பு கண்ணில் படும். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கி எல்லாம் தட்டையாகும். உறைத்தால் சன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டலாம்.

கேமராவை வாழையிலைக்கு நேர் மேலே, இணையாகப் பிடிக்க வேண்டும். அப்போது ஆழம் மறையும். கிண்ணம் வட்டமாகும், இலை நீள்சதுரமாகும், இலையின் நரம்புகள் கோடுகளாகும். செல்போனின் அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும் என்பதால் சற்று உயரத்திலிருந்து இரண்டு மடங்கு சூமில் எடுப்பது நல்லது. மீன் குழம்பில் மிதக்கும் எண்ணெய் கண்ணாடி மாதிரி. மேலே விளக்கு இருந்தால் அதன் ஒளி நேராக லென்சுக்கே திரும்பி வெள்ளைத் திட்டாகும். பக்கத்து ஒளி எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும்.

நிறங்களில் நீலம்தான் சிக்கல், சமையலில் அது அரிது. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்துச் சோறு வடிக்கலாம். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிவிடும், கவனம். மீன்கடையின் நீலத் தார்ப்பாயை விரிக்கவும் செய்யலாம். ஆனால் அதன் நிறம் வெள்ளைச் சோற்றிலும் ஏறும் என்பதால் சோற்றை இலையின் ஓரத்திலிருந்து நன்றாக உள்தள்ளி வைக்க வேண்டும்.

நம் ஓவியர்களும் கைகொடுப்பார்கள். 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், எழுத்தைப் போன்ற கிறுக்கல்களால் திரையை நிரப்பியவர். அதைப் பார்த்த கண்ணுக்கு இடியாப்பம் வெறும் பலகாரமாகத் தெரியாது. எஸ்.எச். ராசாவின் பிந்து ஓவியங்களில் ஒரு கரிய வட்டம் பார்வையைப் பிடித்து நிறுத்தும். வெள்ளைச் சோற்றின் மேல் ஒரே ஒரு வறுத்த மோர்மிளகாய் வைத்துப் பாருங்கள்.

குழம்பு ஆறினால் ஆடை படியும். ஆகவே வெறும் இலை, வெறும் கிண்ணம் வைத்து ஒளியையும் சட்டகத்தையும் முடிவு செய்துவிட்டு, கடைசியில்தான் அடுப்படிக்குக் குரல் கொடுக்க வேண்டும்.